நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் மேல வச்சுருங்களேன். இல்லண்ணே, கையில ஒண்ணுமில்ல, கை நல்லாத்தான் இருக்கு. சும்மா ஒரு பிடிப்பு. காலையில எந்திரிச்சா இருக்கும், வெயில் ஏற ஏறச் சரியாயிரும். ஆங், அந்த மூலையில வைங்க. உள்ள ஸ்கேன் பைலு இருக்கு, மடங்கிறாமப் பாத்துக்கங்க. ரொம்ப சந்தோசம்ண்ணே.

மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைதான். நாங்கன்னா நானும் இவனும். ஜன்னலோரமா கூலிங்கிளாஸ் போட்டு உக்காந்திருக்கான்ல, அவன்தான். பேரு ஒச்சப்பன், ஒச்சுன்னு கூப்புடுவோம். கூலிங்கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லண்ணே, வெளிச்சம் பட்டா தலை வலிக்குதுங்கிறான். அதிகம் பேச மாட்டான். பேசினா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேப்பான், நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

மடியில வச்சிருக்கானே, அது தேங்கா இல்லண்ணே. ஏறும்போது கண்டக்டரும் அதான் கேட்டாரு. அது பந்து. அமெரிக்காக்காரன் ஒரு ஃபுட்பால் ஆடுவான்ல, தலையில இரும்புக்கூண்டு மாதிரி மாட்டிக்கிட்டு, பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுவான்ல, அந்தப் பந்து. உசிலம்பட்டி தாலுகாவுலயே இது ஒண்ணுதான் இருக்கு. என்னுது.

நான் அதுல குவாட்டர்பேக். சிரிச்சிருங்கண்ணே, பரவால்ல. பேரைக் கேட்டு ஊரே சிரிச்சுச்சு, எங்க மாமா மட்டும் சிரிக்காம சைடு டிஷ் எங்கடான்னு கேட்டாரு. ஆனா அந்த ஆட்டத்துல அதுதான் பெரிய எடம். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேரு. பந்து முதல்ல குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். வந்த ஒடனே எதிராளுக அவனை அமுக்க ஓடி வருவாய்ங்க. மூணு நாலு செகண்டு இருக்கும். அதுக்குள்ள நம்மாளு எவன் எங்க ஓடுறான்னு பாத்து அவன் கையில போய் விழுற மாதிரி எறியணும். அதான் வேலை. நூத்திநாப்பது கோடிப் பேரு இருக்கிற நாட்டுல இந்த வேலை பாத்தவன் எட்டே பேரு, அதுல நான் ஒருத்தன். என் கேரியர் மொத்தம் அம்பத்தொரு நாளு, ஏழு மேட்ச்.

சொல்றேன்ண்ணே, சொல்றேன். செக்கானூரணியில ரோடு தோண்டிப் போட்ருக்காய்ங்க, எப்பிடியும் பஸ்ஸு நிக்கும். இப்ப மணி என்ன? பத்தே முக்காலா. சரி, நேரம் இருக்கு.

இன்னிக்குப் பன்னெண்டரைக்கு எனக்கு ஒரு செலக்சன். ஒத்தக்கடைக்கு அங்கிட்டு ஒரு காலேஜ் கிரவுண்டுல. பெங்களூர்ல எவனோ மறுபடி இந்த ஆட்டத்தை ஆரம்பிக்கிறான். டாண்ணு பன்னெண்டரைக்குப் பேரு கூப்புடுவானாம், ஆளு இல்லைன்னா அடுத்த பேருக்குப் போயிருவானாம். வயசு இருவத்தெட்டுக்குள்ளன்னு போட்ருந்துச்சு. நான் இருவத்தேழுன்னு எழுதிட்டேன். முப்பத்தஞ்சுண்ணே, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எறிஞ்சு காட்டிட்டா அப்புறம் எவன் ஆதார் கார்டைக் கேக்கப்போறான். பிடிக்கிறதுக்கு ஆளு நீங்களே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காய்ங்க. அதான் இவனைக் கூட்டிட்டுப் போறேன். நான் எறிஞ்சா பிடிக்கிறதுக்கு இவனை விட்டா ஆளு கெடையாது.

பைலா? அது இவனோடது. அதுவும் இன்னிக்குத்தான். காளவாசலுக்கு முன்னாடி நரம்பாஸ்பத்திரி ஒண்ணு இருக்குல்ல, ரோட்டு மேலயே, ஸ்டாப்புக்கே அந்தப் பேருதான், அங்க மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டர் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வர்றாரு. பன்னெண்டரை வரைக்கும்தான் இருப்பாரு. இவனுக்கு டோக்கன் போட்ருக்கு, பதினொண்ணாம் நம்பரு. மூணு மாசமா அலைஞ்சு போட்ட டோக்கன். மண்டைக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு வருதாம், மாசத்துக்கு மாசம் கூடுதாம். போன வருசம் வரைக்கும் நல்லாத்தான் நடந்தான், இப்ப இடது காலு இழுக்குது. இந்தத் தடவை காட்டி ஆபரேசனுக்குத் தேதி வாங்கிட்டாத் தேவலாம், இன்னும் தள்ளிப்போட்டா நாங்க பொறுப்பில்லைன்னு ஸ்கேன் எடுத்த எடத்துல சொன்னாய்ங்களாம்.

சொன்னது என்கிட்ட இல்ல, இவன் பொண்டாட்டிகிட்ட. நாகஜோதி. மில்லுக்குப் போகுது. லீவு போட்டுப் போட்டு, இனி ஒரு நாள் வரலைன்னா வேற ஆளு பாத்துக்குவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டானாம். அதான் என்னையக் கூட்டிட்டுப் போகச் சொல்லுச்சு. காலையில இவனுக்குத் தலை சீவி, சட்டைப் பட்டன் போட்டுவிட்டு, தயிர்சாதம் கட்டிக்குடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துச்சு. "அண்ணே, உங்களை நம்பித்தான் அனுப்புறேன். டோக்கன் கூப்புடும்போது வெளிய டீ குடிக்கப் போயிராதீங்க"ன்னுச்சு. சரிம்மான்னேன்.

அப்பிடிப் பாக்காதீங்கண்ணே. ரெண்டையும் முடிச்சிருவேன். செலக்சன்ல முதல் ஆளா எறிஞ்சிட்டா அஞ்சு நிமிசம். ஒரு ஆட்டோவைப் பிடிச்சு நேரா ஆஸ்பத்திரி. பன்னெண்டரைன்னா பன்னெண்டரைக்கேவா டாக்டர் எந்திரிச்சுப் போயிருவாரு? டாக்டருக கொஞ்சம் லேட்டாத்தான் கெளம்புவாங்க. இல்லைன்னா அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை வருதுல்ல. இவனுக்கு மாசாமாசம் டாக்டர் வருவாரு. எனக்குப் பன்னெண்டு வருசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வருது. நீங்களே சொல்லுங்க.

டேய் ஒச்சு, தண்ணி குடிக்கிறியாடா? வேணாமாம்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே தெருண்ணே. சின்னதுல இருந்து கபடி. இவன் ரைடர். சுத்துப்பட்டு ஊர்ல இவன் ஏறிப் பாடுறான்னா பொம்பளைங்க வேலையைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க. நான் சுமாருதான். நான் போய்ப் பிடிபடுவேன், அவுட்டாகி வெளிய உக்காருவேன். இவன் அடுத்து ஏறுவான், எவனாவது ஒருத்தனைத் தொட்டுட்டு நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துருவான். உங்களுக்குத் தெரியும்ல, எதிராளு ஒருத்தனைத் தொட்டுட்டு நம்ம பக்கம் வந்துட்டா, நம்மள்ல அவுட்டாகி வெளிய உக்காந்திருக்கிறவன் ஒருத்தன் உள்ள வரலாம். அப்பிடி எத்தனை தடவை என்னைய உள்ள கூட்டியிருக்கான்கிறீங்க. தொட்டுட்டு வந்து, என் முதுகுல ஒரு தட்டுத் தட்டி, "எந்திரிடா"ம்பான். எனக்கு அதுல எரிச்சலாத்தான் இருக்கும். நம்ம ஆட்டத்தையும் இவனே ஆடுறானேன்னு.

ஆனா எறியிறதுல நான்தான். ஈட்டி எறிதல்ல மாவட்டத்துல மூணாவது. அப்பத்தான் அந்த அமெரிக்காக் கம்பெனி வந்துச்சு. இந்தியாவுல எட்டு டீமு, மேட்ச் எல்லாம் டிவியில வரும்னாய்ங்க. டெரெக்னு ஒரு வெள்ளைக்கார கோச்சு. திண்டுக்கல்ல ஒரு கிரவுண்டுல ஆளெடுத்தாரு. என்னைய எறியச் சொன்னாரு. எறிஞ்சேன். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு இன்னொரு தடவை எறின்னாரு. எறிஞ்சேன். அன்னிக்கே நான் குவாட்டர்பேக். இவனை நான்தாண்ணே சேத்துவிட்டேன். கோச்சுக்கு இவன் மேல பெருசா நம்பிக்கை இல்ல. நான்தான், சார், இவன் பிடிச்சான்னா விடமாட்டான்னு சொன்னேன். என் தலையெழுத்தை நானே கூட்டிட்டுப் போய் உக்காரவச்சேன்.

செங்கல்பட்டுக்கிட்ட ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல தங்கவச்சாய்ங்க. எட்டு டீமும் அங்கதான், எல்லா மேட்ச்சும் ஒரே கிரவுண்டுல. பாக்க ஆளே வராது. காலேஜ் பிள்ளைகளை பஸ்ல கொண்டாந்து கேமரா பாக்குற பக்கம் மட்டும் உக்காரவைப்பாய்ங்க. எங்க டீமு வைகை ராக்கெட்ஸ். எனக்கு ஏழாம் நம்பர் சட்டை. எங்க டீமு முழுக்கக் கபடிப் பயலுகதான். எனக்கு முன்னாடி மறிச்சு நிக்கிறதுக்கு அஞ்சு பேரு. எதிராளைக் கையால தள்ளி நிறுத்தணும், அம்புட்டுத்தான், பிடிக்கக் கூடாது. நம்மாளுக பழக்கத்துல டப்புன்னு குனிஞ்சு காலைப் பிடிச்சு ஒக்காந்துருவாய்ங்க. பவுலு. திரும்பவும் பவுலு. கோச்சு தமிழ்ல கத்துக்கிட்ட ஒரே வார்த்தை "காலைப் பிடிக்காத". ராத்திரி தூக்கத்துலகூட அதைத்தான் சொல்லுவாருன்னு சொல்லுவாய்ங்க.

ஆனா பழகிட்டோம்ண்ணே. எல்லாரும் பழகிட்டோம். ஒச்சுவும் பழகிட்டான். ஓடுவான், நான் எறிவேன், திரும்பிக்கூடப் பாக்காம கையை நீட்டுவான், பந்து அதுல இருக்கும். முதல் மேட்ச்ல தோத்தோம், ரெண்டாவது தோத்தோம், அடுத்து நாலு ஜெயிச்சோம். ஏழாவது ஃபைனல். ஃபைனல்ல ஜெயிக்கிற டீமு குவாட்டர்பேக்கை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போய் மூணு மாசம் டிரெய்னிங் தர்றோம்னு கம்பெனியில சொல்லிட்டாய்ங்க. எனக்கு பாஸ்போர்ட்டே எடுத்தாச்சு. இந்தா, இன்னும் வச்சிருக்கேன் பாருங்க. எக்ஸ்பயரி ஆயிருச்சு. ஒரு சீலு விழுகல இதுல. எங்க அம்மா சாகுறப்பகூட, உனக்கு அந்தச் சீமை டிக்கெட் வந்துச்சாப்பான்னு கேட்டுச்சு.

இந்தா நின்னுருச்சு. நான் சொன்னேன்ல, செக்கானூரணின்னு. மணி என்னண்ணே? பதினொண்ணேகாலா. ஐயையோ. இல்ல, வந்துரும், ஒத்த வழியா விடுறாய்ங்க, வந்துரும்.

ஃபைனலைச் சொல்லிடுறேன். கடைசி ஆட்டம். நாலு செகண்டு பாக்கி. நாங்க அஞ்சு பாயிண்ட் பின்னாடி. கடைசிக் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டுபோய்ட்டா ஆறு பாயிண்ட். கிரவுண்டு நூறு கெஜம், நடுக்கோட்டுல அம்பதுன்னு எழுதியிருக்கும். நாங்க எங்க பக்கம் முப்பதுல நிக்கிறோம். எழுவது கெஜம் போகணும். எல்லாரும் ஓடுங்கடான்னேன். பந்து கைக்கு வந்துச்சு. மறிச்சு நின்ன அஞ்சு பேர்ல ஒருத்தன் வழுக்கி விழுந்துட்டான். ஒரு பஞ்சாப்காரன், நூத்திப்பத்து கிலோ இருப்பான், நேரா என்னையப் பாத்து வர்றான். எனக்குத் தெரியுது. ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கினா எறிய முடியாது. எறிஞ்சேன். கையை விட்டுப் பந்து போறதும் அவன் வந்து மோதுறதும் ஒண்ணு. இந்தத் தோள்ல டொக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். குப்புற விழுந்தேன், மூச்சே வரல.

அம்பது கெஜம்ண்ணே. அம்பது கெஜம் அந்தரத்துலயே போயிருக்கு. போய் இவன் கையில விழுந்திருக்கு. முன்னாடி ஒரே ஒரு எதிராளு, அவனும் தள்ளி நிக்கிறான். இவன் ஓட்டத்துக்கு அவன் ஒரு ஆளே இல்ல. இருவது கெஜம் ஓடினா போதும். நான் அமெரிக்கா. இவன் என்ன பண்ணினாங்கிறீங்க?

நின்னான். அந்த எதிராளுகிட்ட அவனாப் போனான். போய் அவன் தோளைத் தொட்டான். தொட்டுட்டுத் திரும்பி, வந்த வழியே ஓடியாந்துட்டான்.

கபடிப் புத்தி. தொட்டா திரும்பணும். இத்தனை நாள் சொல்லிக்குடுத்தது அத்தனையும் அந்த ஒரு நிமிசத்துல மறந்து போச்சு. நான் பாக்கல, நான்தான் மண்ணுல மூஞ்சி பதிஞ்சு கெடக்கேனே. கண்ணு முழிச்சுப் பாத்தா இவன் என் பக்கத்துல கெடக்கான். தலையில போட்ட கூண்டு ரெண்டு கெஜம் தள்ளிக் கெடக்கு. நாலு பேரு ஒண்ணா விழுந்திருக்காய்ங்க இவன் மேல. கூண்டெல்லாம் அமெரிக்காக்காரன் அளவுல வந்துச்சு, இவனுக்கு லூசு, ஷூ கயிறைப் போட்டுத்தான் கட்டியிருந்தான். என்னடா ஆச்சுன்னு எங்க ஆளுககிட்ட கேட்டேன். உன் கூட்டாளி திரும்பி ஓடியாந்துட்டான்டான்னாய்ங்க. நான் இவனைப் பாத்தேன். இவன் கண்ணைத் தொறந்தான். தொறந்ததும் கேட்டான், "தவமணி, யாரு ஜெயிச்சா?"

இன்னிக்கு வரைக்கும் அதைத்தாண்ணே கேக்கான். பன்னெண்டு வருசமா. வீட்டுக்குப் போனா கேப்பான், டீக்கடையில பாத்தா கேப்பான். நானும் ஒரே பதிலைத்தான் சொல்லுவேன். தோத்துட்டோம், உன்னாலதான்டா. சொன்னா தலையைத் தொங்கப் போட்டுக்குவான். மறுநாளு மறந்துருவான், திரும்பக் கேப்பான், நானும் திரும்பச் சொல்லுவேன். நாகஜோதி ஒரு நாள், ஜெயிச்சுட்டோம்னுதான் ஒரு தடவை சொல்லுங்களேண்ணேன்னுச்சு. எப்பிடிச் சொல்லுவேன்? எட்டு மாசம் இவன்கிட்ட நான் பேசவே இல்ல தெரியுமா. கம்பெனி மறுநாளே மூட்டையைக் கட்டிருச்சு. எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்து ரயில்ல ஏத்திவிட்டாய்ங்க. இவன் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான். நான் எந்திரிச்சு வேற பெட்டிக்குப் போய் உக்காந்துட்டேன். இவனால போச்சுண்ணே. எல்லாம் இவனால போச்சு. அமெரிக்கா போறவன்னு ஒரு பொண்ணைப் பேசி வச்சிருந்தாங்க, அதுவும் போச்சு. அப்புறம் நானும் பாக்கல, யாரும் குடுக்கல.

தலையில இப்பிடி ஆனது அந்த அடியாலதான்னு நாகஜோதி சொல்லும். எனக்கு அப்பிடித் தோணல. இவங்க அப்பனும் கடைசிக் காலத்துல கொஞ்சம் மறதியாத்தான் இருந்தாரு.

எனக்கு என்ன வேலையா? சூளையிலண்ணே, செங்கச் சூளை. முன்னாடி கல்லு ஏத்திவிட்டுக்கிட்டு இருந்தேன், இப்ப தீ பாத்துக்கறேன். கைக்கு ரெஸ்ட்டு குடுக்கணும்ல. முந்தாநாள் கம்மாக்கரையில எறிஞ்சு பாத்தேன். மேல தூக்கி எறியாம பக்கவாட்டுல எறிஞ்சேன், அமெரிக்காவுலயும் அப்பிடி எறியிற ஆளு இருக்காய்ங்க. இவன் பிடிச்சான். எவ்வளவு தூரமா? தூரம் கெடக்கட்டும்ண்ணே. ஒரு பதினஞ்சு கெஜம். செலக்சனுக்கு நாப்பது கேப்பாய்ங்க. அங்க போய் நின்னா வந்துரும். வரணும். இதை விட்டா எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல.

ஆங், கெளம்பிருச்சு.

இருங்க, நான் எறிஞ்சதை நீங்க பாக்கணும். போன்ல வச்சிருக்கேன், செலக்சன்ல காட்டுறதுக்கு. செல்போன் கடையில குடுத்து பிடிக்கிறது வரைக்கும் வெட்டி வாங்கியிருக்கேன். பதினோரு செகண்டுதான். இந்தா பாருங்க. பந்து எப்பிடிச் சுத்திக்கிட்டுப் போகுது பாத்தீங்களா? கேமரா பந்து பின்னாடியே போயிரும். நான் விழுறது தெரியாது.

என்னண்ணே? பாத்திருக்கீங்களா?

உங்க போன்லயும் இருக்கா. சரிதான். வாட்ஸ்அப்ல எவன் அனுப்பினான்? மருமகனா. அது வேற பக்கத்துல இருந்து எடுத்தது, எவனோ காலேஜ் பையன் மாடியில நின்னு போன்ல எடுத்துட்டான். கிரவுண்டு பூராம் தெரியும்னு சொல்வாய்ங்க. கோமாளிப் பாட்டுப் போட்டு, கபடியை மறக்காத ஃபுட்பால் வீரர்னு எழுதி ஊரெல்லாம் அனுப்பிட்டாய்ங்க. நான் ஒரே ஒரு தடவை பாத்தேன், இவன் திரும்புற எடம் வரைக்கும். போனைத் தூக்கி அடிச்சேன். அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. எனக்கு எதுக்கு அது?

போடாதீங்கண்ணே. சரி, போடுறதுன்னா சவுண்டைக் கொறைங்க, இவன் கேட்டுறப் போறான். நீங்க பாருங்க, நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்.

நீங்க சிரிக்கலயே. எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாய்ங்க.

யாரு? கீழ கெடக்கறதா? எங்க? காட்டுங்க. ஏழாம் நம்பர். அது நாந்தாண்ணே. அதான் சொன்னேனே, அவன் மோதி விழுந்துட்டேன்னு. எங்கிட்டாவது ஒரு எடத்துல கெடக்கணும்ல.

கோட்டுக்கு ஓடுறாண்ணே. கபடியில தொட்டுட்டா நடுக்கோட்டுக்கு ஓடணும், அதான் ஓடுறான். என்ன சொல்றீங்க? எங்க தாண்டிட்டான்?

இன்னொரு தடவை போடுங்க.

அம்பதுன்னு எழுதியிருக்கு பாருங்க, அதுதான் நடுக்கோடு. வர்றான். தாண்டிட்டான். தாண்டியாச்சுல்ல, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாச்சுல்ல, நிக்க வேண்டியதுதானே. சின்னப் புள்ளையில இருந்து கபடி ஆடுறவன், கோடு எதுன்னு தெரியாதா அவனுக்கு? நிக்கலயே. ஏன் நிக்க மாட்டேங்கிறான்? இன்னும் இருவது கெஜம் ஓடி வர்றான்.

திரும்ப முதல்ல இருந்து போடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பிடிச்சான். ரெண்டு எட்டு ஓடுறான். திரும்பிப் பாக்கறான். எங்க பாக்கறான்? அந்தப் பக்கம் நாந்தானே கெடக்கேன். என்னையச் சுத்தி ஒருத்தனும் இல்லையே. அத்தனை பேரும் பந்தைப் பாத்துல்ல ஓடிட்டாய்ங்க. எங்க ஆளுகளும் சேந்துதான் ஓடியிருக்காய்ங்க. என்னையப் பாத்துட்டு, இவன் அந்த எதிராளுகிட்ட போய்த் தொடுறான். தொட்டுட்டு வர்றான். குனியிறான். பந்தை ஒரு கையில வச்சுக்கிட்டு என் முதுகுல.

வாயி அசையுது. என்ன சொல்றான்னு கேக்கல, இந்தச் சனியன் பிடிச்ச பாட்டு.

நிறுத்துங்கண்ணே. நாலு பேரு வர்றாய்ங்க. நிறுத்துங்க, போதும்.

கபடிப் பழக்கம்தாண்ணே அது. நான் சொன்னதுதான் சரி. வேற என்ன தெரியும் இவனுக்கு? ஒருத்தன் வெளிய கெடந்தா, எவனையாவது ஒருத்தனைத் தொட்டுட்டு வந்து அவனை உள்ள கூட்டணும். அது ஒண்ணுதான் தெரியும். முட்டாப்பய. ஆறு பாயிண்டைப் போட்டுட்டு வந்து கூட்டக் கூடாதா. கண்ணுல தூசி விழுந்துருச்சுண்ணே, ஜன்னலைச் சாத்துடா ஒச்சு. வேணாம், தொறந்தே கெடக்கட்டும்.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா. பரவால்ல. இப்பிடியே போனா ஆரப்பாளையம் பன்னெண்டுக்குப் போயிரும், அங்க டவுன் பஸ்ஸு பிடிச்சா ஒத்தக்கடை பன்னெண்டரை. சரியா இருக்கும். நேரத்துக்குப் போயிரலாம்.

சொல்லுடா. என்ன?

யாரு ஜெயிச்சாங்கிறான்ண்ணே.

தோத்துட்டோம்டா.

தோத்துட்டோம், ஒச்சு. அம்புட்டுத்தான். விடு.

கண்டக்டர் சார், என்ன ஸ்டாப்பு கூப்புட்டீங்க? நரம்பாஸ்பத்திரியா? ரெண்டு பேரு எறங்கணும். மதுரைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கோம், இருந்தாலும் இங்கயே எறங்குறோம். விசிலைக் கொஞ்சம் நிறுத்துங்க சார், இவன் மெதுவாத்தான் எறங்குவான், காலு இழுக்கும். இல்லண்ணே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெயிலு ரொம்ப ஏறிருச்சுல்ல, இவனுக்கு ஆகாது, அதான். எந்திரிடா. பந்தைக் கொண்டா. சரி வேணாம், நீயே வச்சுக்க. என் தோளைப் பிடிச்சுக்க, அந்தத் தோளு இல்ல, இந்தத் தோளு.

அண்ணே, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க. அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க, பைலு உள்ள இருக்கு. நீங்கதாண்ணே எடுக்கணும். எனக்குக் கை மேல வராது. பன்னெண்டு வருசமா வராது.